பாட்டுக் கேட்காத தட்டு

"பல்லைப் பிடுங்கும்போதுகூட பேஷன்ட்டுங்க வாயைத் திறந்துட்டுப் பொறுமையா உட்கார்ந்திருக்காங்க. உங்க மாமனார் பாட ஆரம்பிச்சா எழுந்து போயிடறாங்கம்மா."

பக்கத்துக் கட்டிடத்துப் பல் டாக்டர் முறையிட்டபோது, மருமகளுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

மாமனார் செடி நர்சரி வைத்திருப்பவர். முளை விட்ட நாளிலிருந்து நாற்றுகளுக்குப் பாடுவார். பாடினால்தான் நன்றாக வளரும் என்பது அவர் கட்சி. ஆசையைக் கொடுத்த கடவுள் குரலைக் கொடுக்க மறந்துவிட்டார்.

"அப்ப சோதிச்சுப் பார்த்துடலாம், மாமா" என்றாள். கல்லூரியில் புள்ளியியல் நடத்துபவள். "பாட்டால வித்தியாசம் தெரிஞ்சா டாக்டர் ஜன்னலைச் சாத்திக்கட்டும். தெரியலேன்னா நீங்க இங்கே பாடறதை விட்டுடணும்."

"எழுதி வாங்கிக்கம்மா" என்று உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது.

தக்காளி நாற்றுகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு இரண்டு தட்டாகப் பிரித்தாள்.

"நானே பார்த்துப் பிரிச்சிருப்பேனே."

"அதுதான் வேண்டாங்கறேன். கொழுகொழுன்னு இருக்கிறதையெல்லாம் பாட்டுத் தட்டுல வச்சிடுவீங்க."

ஒரு தட்டு முன்வாசலில், பாட்டோடு. மற்றது வீட்டுக்குப் பின்னால், பாட்டில்லாமல். வெயிலும் தண்ணீரும் உரமும் இரண்டுக்கும் ஒரே அளவு.

"முதல்ல, பாட்டுக்கும் வளர்ச்சிக்கும் சம்பந்தமே இல்லைன்னு வச்சுக்குவோம்."

"எடுத்த எடுப்பிலேயே என்னைப் பொய்யன்னு வச்சுக்கறியா?"

"ஒரு பேச்சுக்குத்தான் மாமா. அந்தப் பேச்சு நிக்கவே முடியாத அளவுக்கு உங்க தட்டு வளர்ந்து காட்டினா, நீங்க ஜெயிச்சீங்க."

சில வாரங்கள் போயின. ஸ்கேலை வைத்து ஒவ்வொரு நாற்றாக அளந்தாள். பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் அப்பன் மாதிரி மாமனார் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"பாட்டுத் தட்டோட சராசரி ஒரு நூல் கூடுதல்."

"பார்த்தியா?"

"இருங்க. ஒரே தட்டுக்குள்ளேயே ஒண்ணுக்கொண்ணு விரல் உயரம் வித்தியாசம் இருக்கு. பாட்டே இல்லாம ரெண்டு தட்டு வச்சாலும், சராசரி ஒரு நூல் முன்னே பின்னே வரத்தான் செய்யும்."

"அப்ப பாட்டால ஒண்ணுமே இல்லைன்னு ஆயிடுச்சா?"

"அப்படியும் சொல்ல மாட்டேன். இருக்குன்னு சொல்ல ஆதாரம் போதல."

"எனக்கு இது போதும்" என்றாள் மாமியார். "வாயை மூடுங்க."

எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கும் மனிதர், சரியென்று தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் நர்சரியில் ஈ பறக்கும் சத்தம்கூடக் கேட்டது. மாமனார் தண்ணீர் ஊற்றினார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மருமகளுக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

டாக்டர் சிரித்த முகமாக வந்தார். "ரொம்ப நன்றிம்மா. முன்பக்கப் பாட்டைக்கூடப் பொறுத்துக்கலாம். பின்பக்கம் என் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து மெதுவா பாடினார் பாருங்க, அதைத்தான் தாங்க முடியல. யாரோ அழறாங்கன்னு நினைச்சு ஒரு பேஷன்ட் நாற்காலியை விட்டே இறங்கிட்டார்."

"பின்பக்கமா? எப்போ?"

"நீங்க காலேஜுக்குக் கிளம்பினதும். அந்தத் தட்டை அங்கே வச்ச நாள்லேர்ந்து தினமும்."

மருமகள் திரும்பினாள். மாமனார் ஏற்கெனவே நனைந்திருந்த செடிக்கே மறுபடி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன் மாமா? அது பாட்டே கேட்கக் கூடாத தட்டு. உங்க கேஸை நீங்களே கெடுத்துக்கிட்டீங்களே."

அவர் நிமிரவில்லை.

"ஜெயிக்கணும்னா அந்தத் தட்டைப் பட்டினி போடணும். தோத்தா என் வாயை மூடினாப் போதும்."