ஒரு குச்சி விடாமல்

குழந்தைகள் காப்பகம் நடத்தும் அந்த அம்மாள், பஞ்சுக் குச்சி போட்ட குப்பிகளை எங்கள் லேப் மேசையில் கடை பரப்பினாள். எல்லாவற்றிலும் பிள்ளைகளின் பெயர்.

"நானே மூக்குச் சளி எடுத்துட்டேன் தம்பி. புது ஆளைப் பார்த்தா பிள்ளைங்க மிரளும்."

வாயெல்லாம் தேன். அங்கே ஒரு கைக்குழந்தை மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போய், மற்ற பெற்றோர்கள் வாசலில் நின்று கத்திய பிறகுதான் காப்பகத்தை மூடிவிட்டுப் பரிசோதனைக்கே வந்திருக்கிறாள்.

"எங்க பிள்ளைங்களுக்கு ஒண்ணும் இருக்காது. நெகட்டிவ்னு வந்துட்டா நாளைக்கே திறந்துடுவேன்."

கிருமியின் மரபணுவையே தேடிப் பிடிக்கும் இயந்திரம். ஒரு மணி நேரத்தில் சொல்லிவிட்டது.

"அத்தனையும் பாசிட்டிவ்மா. ஃப்ளூ."

"உங்க மெஷின் பொய் சொல்லுது!"

"அது ஏம்மா பொய் சொல்லணும்? மூக்குல கிருமி இருக்கு, காட்டுது."

"எப்படி இருக்கும்? எனக்கு ஒரு தும்மல்கூட வரலையே!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

"அப்போ, எல்லாக் குச்சியையும் உங்க மூக்குலதான் விட்டீங்களா?"

பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.