முகம் விழாமல் ஒரு படம்

"என்ர முகம் மட்டும் வேண்டாம் சேர்," என்றாள் புளோறன்ஸ்.

மகள் டில்ஷானிக்கு இப்போதுதான் கல்யாணம் பேசியிருக்கிறது. மாப்பிள்ளை வீடும் கொட்டாஞ்சேனைதான். தாய் சங்கத்தில் கைநீட்டி உதவி வாங்குகிற படத்தை அவர்கள் கண்டால் பேச்சு அதோடு முறிந்துபோகும்.

உதவிச் சங்கத் தலைவர் வலன்ரைன் தலையாட்டினார். "ஆரையும் வெட்கப்படுத்தி நாங்கள் தர்மம் செய்யிறேல்லை, தங்கச்சி. பானை மட்டும்தான் படத்தில."

அவள் இடியப்பம் அவித்து விற்கச் சங்கம் கொடுக்கிற பானை. புதுச் சில்வர், கண்ணாடி மாதிரி.

படம் எடுக்க வந்த கிறிஸ்ரியிடம் இருந்தது சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு பழைய டிஜிட்டல் கமரா. அதை வைத்துக்கொண்டு அவன் ஆடிய கூத்தோ பெரிது. மேசையை ஜன்னலடிக்கு இழுத்தான். பானையைச் சுற்றி வெள்ளைப் பெட்ஷீட்டைக் கூடாரம் போலக் கட்டினான். கட்டாவிட்டால் வீடு முழுக்கப் பானைக்குள் தெரியுமாம். ஃபிளாஷும் கூடாதாம், வெளிச்சப் பொட்டு விழுமாம்.

மா குழைக்க நேரமாகிறது. ஒரு பானைக்கு இவ்வளவு ஆரவாரமா என்று புளோறன்ஸுக்கு எரிந்தது.

எடுத்தான். காட்டினான். பானை பளபளத்தது. யாருடைய நிழலும் அதில் விழவில்லை.

வலன்ரைன் உதட்டைப் பிதுக்கினார். சரியில்லை, திரும்ப எடு என்றார். அடுத்ததும் சரியில்லை. அதற்கடுத்ததும் அப்படித்தான்.

"என்ர முகம் எங்கையும் விழுந்திட்டுதோ சேர்?"

"நீங்கள் கொஞ்சம் வெளியில நில்லுங்கோ, தங்கச்சி."

நின்றாள். எட்டிப் பார்த்தாள். நெஞ்சு இளகிவிட்டது. அவ்வளவு பெரிய மனிசன் பானைக்கு முன்னால் குந்தியிருந்து, பொக்கற்றிலிருந்து எடுத்த லேஞ்சியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கிறிஸ்ரி பெட்ஷீட்டைக் கழற்றிக் கொண்டுவந்து வாசலில் போட்டான்.

"ஒரு பானையைப் படமெடுக்கத் தெரியாதா தம்பி உனக்கு? சேரைப் போய்க் குந்தவைச்சிட்டாய்."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது கோயில் வாசலில் அந்தப் படம் ஒட்டியிருந்தது. மாப்பிள்ளையின் தாய் அதற்கு முன்னால்தான் நின்றாள். புளோறன்ஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிட்டப் போனாள்.

வலன்ரைன் சொன்ன சொல் தவறவில்லை. அவள் முகமும் இல்லை, பெயரும் இல்லை. படத்துக்குக் கீழே ஒரே வரி: 'பெயர் வெளியிட விரும்பாத அன்பர் ஒருவர் வழங்கியது.'

பானையின் வயிறு நிறைய வலன்ரைன், முப்பத்திரண்டு பல்லும் தெரிய.