புது நாண் வந்த வீடு

சுவரில் தொங்கிய பழைய வில்லின் நாண் எப்போதோ இற்று விழுந்திருந்தது. "நாண் மட்டும் இருந்தா புலியையே சாய்ச்சிருவேன்" என்று பல்லியிடம் அது பீற்றிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் வீட்டுக்காரர் மெழுகு பூசிய புது நாணை வாங்கிவந்து பக்கத்து ஆணியில் மாட்டினார். நாளை கட்டி எய்து பார்ப்பாராம். வளைத்தால் தன் முதுகு முறிந்துவிடுமே என்று வில் அன்றிரவே அந்த வீட்டு எலியைக் கூப்பிட்டது.

"எலித் தம்பி, மெழுகு ருசியா இருக்குமாமே?"

"அண்ணே, உங்க நாணையா கடிக்கச் சொல்றீங்க?"

"நான் எங்கடா சொன்னேன்? கண்ணை மூடிக்கிறேன்னுதான் சொல்றேன்."

எலி நுனிகூட மிச்சம் வைக்கவில்லை.

காலையில் பல்லி துக்கம் விசாரிக்க வந்தது.

"எலி இருக்கிற வீட்டுல வீரன் என்னப்பா செய்வான்?" என்று வில் பெருமூச்சு விட்டது.

வயிறு புடைத்திருந்த எலியும் உச்சுக்கொட்டியது.