சிவந்த நாக்கு

திருமானூர்த் துறையில் ஓடத்தை விட்டு இறங்கியதும் அய்யாக்கண்ணு மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். சங்கு பத்திரமாக இருந்தது.

தரங்கம்பாடியில் வாங்கியது. காதில் வைத்தால் கடல் இரையும். மாமன் மகள் மலர்க்கொடி கடலைப் பார்த்ததே இல்லை. இதைக் காதில் வைத்துக்கொண்டு அவள் முழிக்கப்போகும் முழியை நினைத்து, வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தான்.

யுத்தம் முடிந்துவிட்டது, ரயிலில் உட்கார இடம் கிடைக்கிறது, கடலைப் பார்த்து வரலாம் என்று கிளப்பியது பங்காளி சாமிதுரைதான். தாய் தகப்பன் இல்லாத அய்யாக்கண்ணுவுக்கு நல்லது கெட்டது எல்லாமே சாமிதுரைதான். கூட்டாளி அரியமுத்துவும் சேர்ந்துகொண்டான்.

என்ன கடல்! என்ன நண்டு வறுவல்! வேட்டி நனைந்தது கூடத் தெரியாமல் மூன்று பேரும் சின்னப் பிள்ளைகளாய் ஆடினார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் சாமிதுரை ஈரத்துணியைப் பிரித்து வெற்றிலை கொடுத்தான். பாக்கில் மஞ்சள் ஒட்டியிருந்தது. கோயிலில் கொடுத்தது என்றான். அய்யாக்கண்ணு ஒரு வாய் போட்டு மென்று நாக்கை நீட்டிக் காட்டினான். அப்படிச் சிவந்திருந்தது. கட்டிக்கப்போகிறவள் உன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள் என்று நண்டு வறுத்துக் கொடுத்த மீன்காரம்மா கேலி செய்தாள். அவனுக்குக் கால் மணலில் பாவவில்லை.

அன்று சாயங்காலமே அரியமுத்து வயிறு சரியில்லை என்று ஊருக்குக் கிளம்பிவிட்டான். நண்டு ஒத்துக்கொள்ளவில்லையாம். பாவம் என்று அய்யாக்கண்ணுதான் ஸ்டேஷன் வரைக்கும் போய் ரயிலேற்றி விட்டான். இன்னும் ஒரு நாள் இருந்து போகலாம் என்று சாமிதுரை அய்யாக்கண்ணுவை நிறுத்திக்கொண்டான்.

இப்போது துறையில் ஒரு கூண்டு வண்டி ஓடத்துக்குக் காத்து நின்றது. மாட்டுக் கொம்புக்கெல்லாம் பூச் சுற்றியிருந்தார்கள். எந்த ஊர்ப் பெண்ணோ, ஆற்றுக்கு அக்கரையில் வாழப்போகிறாள் என்று எட்டிப் பார்த்தான்.

உள்ளே மலர்க்கொடி உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. பக்கத்தில் சாமிதுரையின் மச்சான், மாலையும் கழுத்துமாக.

அய்யாக்கண்ணுவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. முறை மாப்பிள்ளை அவன். பெண்ணை வெளியில் கொடுப்பதென்றால் அவனுக்கு வெற்றிலை கொடுக்க வேண்டும். அவன் அதை வாயில் போட்டால்தான் உரிமையை விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். அது இல்லாமல் தாலி ஏறக் கூடாது. சபையைக் கூட்டுவேன், கயிற்றை அறுக்க வைப்பேன் என்று வண்டியைப் பார்த்து நடந்தான்.

வண்டிக்குப் பின்னாலிருந்து மாமன் ஓடிவந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"பெரிய மனசு மாப்ள ஒனக்கு. முகூர்த்தத்துல நிக்க மனசில்லன்னு கடலுக்குப் போயிட்ட. ஆனா சாமிதுரகிட்ட நான் குடுத்தனுப்புன வெத்தலய வேணாங்காம போட்டுக்கிட்டியே. கண்ணால பாத்தேன்னு அரியமுத்து சபையில சத்தியம் பண்ணப்புறந்தான் தாலிய எடுத்துக் குடுத்தேன்."

அய்யாக்கண்ணு திரும்பிப் பார்த்தான். கூட வந்து இறங்கிய சாமிதுரை ஓடக்காரனோடு மும்முரமாக எதையோ பேசிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மலர்க்கொடி ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். 'நீயா விட்டுக்கொடுத்தாய்?' என்று கேட்கிற பார்வை.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். போட்டது அவன் வாய்தானே.

கடற்கரையில் அவன் நாக்கை நீட்டியபோது எல்லாரும் சிரித்தார்கள். அரியமுத்து மட்டும் சிரிக்கவில்லை. கிட்டத்தில் வந்து குனிந்து பார்த்தான்.

"இன்னொரு தடவ காட்டுடா" என்றான்.

அய்யாக்கண்ணு வாயெல்லாம் பல்லாக, இன்னும் நன்றாக நீட்டிக் காட்டினான்.