நான்காவது மேசை

பஞ்சாலை இயந்திரத்தில் கை சிதைந்த பேச்சித்தாயை விசாரிக்க, நான்கு துறைகள் ஒரே கூடத்தில் நான்கு மேசை போட்டிருந்தன. ஒரு துறை பார்த்ததை இன்னொரு துறை ஏற்காது. மேசைக்கு மேசை அவள் கைக்கட்டை அவிழ்த்துக் காட்டிவிட்டு மறுபடி சுற்றிக்கொண்டாள். முதல் மேசையில் துணி லேசாக வந்தது. இரண்டாவதில் பொருக்கோடு வந்தது. மூன்றாவதில் பல்லைக் கடித்துக்கொண்டு உரித்தாள்.

நான்காவது அதிகாரி மட்டும், அதிசயமாக, முதல் மேசை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார்.

"காயம் ஆறிட்டு வருதுன்னுல்ல எழுதியிருக்காங்க? இது இன்னைக்குப் பட்ட மாதிரி இருக்கே. நிஜத்தச் சொல்லும்மா, மில்லுல வச்சா பட்டுச்சு?"

பேச்சித்தாய் திரும்பி, தான் வந்த வழியெல்லாம் ரத்தம் சொட்டியிருந்த தரையைப் பார்த்தாள்.

"இல்ல சார். இங்க வச்சுத்தான்."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.