அழக் கூடாத ஊர்

ஸுரூர் நகரத்தில் யாரும் அழக் கூடாது என்பது சட்டம். ஊரை விட்டுப் போகவும் கூடாது. சொர்க்கத்தை விட்டு எவனாவது போவானா என்று அரசாங்கம் கேட்டது. கபர்ஸ்தான் என்னும் இடுகாடு மட்டும் ஊருக்குள் இடமில்லாமல் நகர மதிலுக்கு வெளியே இருந்தது.

கணவன் இத்ரீஸின் ஜனாஸாப் பெட்டியை நான்கு பேர் சுமந்துவர, உமைமா மதில் வாசலுக்கு வந்தாள். கண்காணிப்பாளர் கஹ்தான் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"கண்ணு கலங்கவே இல்லையேம்மா?"

"இல்லீங்கய்யா. சந்தோஷமாத்தான் இருக்கேன்."

"பலே! போன வாரம் ஒருத்தி மூக்கை உறிஞ்சினா. சிரிப்புப் பள்ளிக்கூடத்துல தள்ளிட்டோம். உனக்குப் புருஷன் மேல பாசமே இல்லையோ?"

"உசிருங்கய்யா."

அப்போது பெட்டிக்குள்ளிருந்து ஒரு தும்மல் கேட்டது.

சுமந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். உமைமாவின் முகத்தில் சிரிப்பு செத்தது. வாசல் காவலர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கஹ்தான் உடனே பலமாக இரண்டு தும்மல் போட்டார். "பாழாப்போன தூசி! என்னடா முழிக்கிறீங்க? கதவைத் திறங்க!"

பிறகு உமைமாவின் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார்.

"வர்ற வெள்ளிக்கிழமை எனக்கு மாரடைப்பு வரப்போவுது. அதுக்குள்ள பெட்டி காலியாத் திரும்பி வந்துடுமில்ல?"