நீல நூல்

அந்த மூட்டை மட்டும் வெடிக்காமல் கிடந்தது.

விமானம் வயிற்றைத் திறந்து நிவாரணச் சோள மூட்டைகளைக் கொட்டிவிட்டுப் போய்ச் சிறிது நேரம்தான் ஆகியிருந்தது. மைதானத்தின் மேல் தூசி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கோவாங் வெள்ளைக் கொடியை இடுப்பில் செருகிக்கொண்டு நாணல் ஓரமாக நடந்தான். அவன் கொடியை அசைத்தால்தான் மற்றவர்கள் உள்ளே வரலாம்.

சேற்றில் பாதி புதைந்து, கன்றுக்குட்டி போல ஒருக்களித்துக் கிடந்தது மூட்டை. வாயில் நீல நூல், அவிழாமல்.

இரண்டு மாதமாக அவன் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான்.

விமானம் கொட்டும்போது வயிறு கிழிந்து வெடிக்கும் மூட்டைகள் எப்போதும் உண்டு. ஆனால் ஏழெட்டு மூட்டைகள் வயிற்றில் கீறல்கூட இல்லாமல், வாய் மட்டும் திறந்து கிடக்கும். அவற்றின் பக்கத்தில் நீல நூல் துண்டு ஒன்று இருக்கும். மற்ற மூட்டைகளுக்கெல்லாம் வெள்ளை நூல்தான்.

தரையில் சிந்திய சோளம் பட்டியலில் சேராது. அது பெயர் இல்லாதவர்களுக்கு.

பெயர் எழுதி முடித்த பிறகு சதுப்பைக் கடந்து வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். மர நிழலில் சுரைக்குடுவைகளோடு காத்திருந்தார்கள். கோவாங்கின் தங்கை நியாபுவோலும் அவளுடைய மூன்று பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில்தான். அவன் பங்கீட்டு அட்டைக்குக் கிடைப்பது அவன் வீட்டு வாய்களுக்கே எட்டாது.

"அங்க கிடங்குல நம்ம பொண்ணு ஒருத்தி இருக்காண்ணே," என்பாள் நியாபுவோல். "நம்மள நெனச்சுத்தான் தைக்கிறா. இல்ல, தைக்கவே தெரியாத தடிச்சியா இருக்கணும். யாரா இருந்தாலும் அவ கை நல்லா இருக்கட்டும்."

மூட்டைகளைத் தைத்து அனுப்பும் கிடங்கு தலைநகரில் இருந்தது. தலைநகர் போரில் எதிர்ப்பக்கத்தாரிடம் இருந்தது. அங்கே நம் இனத்துப் பெண் எப்படி இருக்க முடியும்?

கொடியோடு நிற்கும்போதெல்லாம் கோவாங் அந்தக் கையை நினைத்துப் பார்ப்பான். லாரியிலும் விமானத்திலும் தாங்கி, விழும்போது மட்டும் திறக்கும்படி ஒரு வாயை எப்படித் தைக்க முடியும்? கை வரும். அதற்கு மேல் முகம் வரவே வராது.

இன்று நிவாரண அலுவலகத்திலிருந்து வன்யாமா வந்திருந்தார். மூட்டைகள் ஏன் இவ்வளவு வெடிக்கின்றன என்று பார்த்து எழுதிப் போக. காரணம் தையல்தான் என்று தெரிந்துவிட்டால் கிடங்கில் ஆளை மாற்றிவிடுவார்கள். அப்புறம் குடுவைகள் காலியாகத்தான் திரும்பும்.

மைதானத்தின் நடுவிலிருந்து அவர் இவன் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

கோவாங் குந்தி உட்கார்ந்தான்.

நூல் வாயைச் சுற்றி வந்து ஒரே முடிச்சில் நின்றது. முடிச்சின் நீண்ட வால் வாயை இறுக்கிப் பிடித்திருந்தது. குட்டை வால் மூட்டையின் வயிற்றோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. கெட்டித் தரையில் விழுந்து வயிறு உப்பினால் குட்டை வால் சுண்டப்படும். சுண்டினால் முடிச்சு அவிழும். இது சேற்றில் மெத்தென்று விழுந்துவிட்டது.

இவ்வளவுதானா என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு முடிச்சைச் சரியாகப் பார்த்தான்.

மாட்டை முளையில் கட்டும் முடிச்சு. அவன் ஊரில் அதை இடப்பக்கமாக ஒரு சுற்று சுற்றுவார்கள். இது வலப்பக்கம், இரண்டு சுற்று. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள்தான் அப்படிக் கட்டுவார்கள். நடக்கப் பழகும் வயதிலேயே கையில் ஏறிவிடுவது அது. யாரும் மாற்றிக் கட்டுவதில்லை.

நம் பெண் இல்லை.

அவன் ஊரை எரித்தவர்களில் ஒரு கை.

வன்யாமாவிடம் இந்த முடிச்சைக் காட்டினால் போதும். கிடங்கில் அந்தக் கையைத் தேடிப் பிடித்துவிடுவார்கள்.

நாணல் நொறுங்கும் சத்தம் நெருங்கி வந்தது.

கோவாங்கின் விரல்கள் குட்டை வாலைப் பிடித்துச் சுண்டின. மூட்டை வாய் திறந்தது. சோளம் சேற்றின் மேல் வழிந்து பரவியது. நூலை உருவி உள்ளங்கைக்குள் சுருட்டிக்கொண்டான்.

"இதுவுமா?" என்றார் வன்யாமா.

"இதுவுந்தான் சார். மழை நின்னு மூணு மாசமாச்சு. தரை கல்லாக் கெடக்கு. எந்த மூட்டை தாங்கும்?"

வன்யாமா குனிந்து தன் கால்களைப் பார்த்தார். ஷூ இரண்டும் சேற்றில் புதைந்திருந்தன. கோவாங்கின் மூடிய கையைப் பார்த்தார். மர நிழலில் குடுவைகளோடு காத்திருந்தவர்களைப் பார்த்தார்.

"ஆமா. கல்லாத்தான் கெடக்கு," என்று சொல்லி, அதையே எழுதிக்கொண்டு, ஒவ்வொரு காலாக உருவி எடுத்துத் திரும்பி நடந்தார்.

கொடி அசைந்தது. பெண்கள் ஓடிவந்தார்கள்.

"அந்த சார நிறுத்துங்கடி! அவரு ஷூவ உதறினாலே ரெண்டு பிடி தேறும்," என்று கத்தினாள் ஒருத்தி.

நியாபுவோல் சேறு படாத சோளத்தை முதலில் வழித்து அள்ளினாள். அள்ளிக்கொண்டே கேட்டாள்.

"அங்கேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரே சுண்டுல அவுத்துட்டியேண்ணே. எங்க கத்துக்கிட்ட?"

கோவாங் நீல நூலை விரலில் சுற்றினான், பிரித்தான், மறுபடி சுற்றினான்.

பெரியண்ணன் பியெல் காய்ச்சலில் செத்துப்போனான் என்றுதான் அவளுக்குத் தெரியும். முதுகுக்குப் பின்னால் இதே வலப்பக்க இரண்டு சுற்று முடிச்சில் கட்டியிருந்த அவன் கைகளை, எந்த வாலை இழுத்தால் அவிழும் என்று தெரியாமல், உச்சிவெயிலில் உட்கார்ந்து வெகு நேரம் அவிழ்த்தவன் கோவாங்.